எக்ஸ்ரேயில் விழாத நோ

பதினொரு வருடமாக எங்கள் அரசாங்கக் கந்தோரில் மற்றவர்களுடைய வருத்தங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. தாபனக் கிளையில் லீவு, இடமாற்றம், மெடிக்கல் மூன்றும் என் பொறுப்பு. யாராவது வைத்தியச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினால் முதலில் ஆளைப் பார்ப்பேன், பிறகு கடதாசியைப் பார்ப்பேன், பிறகு திரும்பவும் ஆளைப் பார்ப்பேன். கால் முறிவு, சத்திரசிகிச்சை, டெங்கு என்றால் பேச்சில்லை, உடனே பதிந்துவிடுவேன். முதுகு நோ, கழுத்து நோ, தலைச்சுற்று என்று வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவேன். பணிப்பாளர் கையெழுத்து வைக்கும் முன் அந்தக் கேள்விக்குறியைத்தான் தேடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் மாவட்டத்தில் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளியாகும் மாதத்தில்தான் எல்லோருடைய முள்ளந்தண்டும் ஒரேயடியாகப் பழுதாகும். திருகோணமலை டவுனில் சௌகரியமாக இருக்கிற ஒருவருக்குத் தூரத்து ஈச்சிலம்பற்று என்று கடிதம் போனால், அடுத்த கிழமை அவர் கழுத்தில் பட்டியோடு வந்து நிற்பார். போன கிழமைவரை கரப்பந்தாட்டம் ஆடியவராக இருப்பார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, நோ என்று சொல்கிற வாயை நம்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்த வருடம் பட்டியல் கடிதமாக வருவதற்கு முன்பே வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் என் பெயர் இருந்தது. ஈச்சிலம்பற்று உபகந்தோர். இடமாற்றக் கடிதங்களை உரியவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை என்பதால், எனக்கு நானே கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்தும் போட்டேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் போவதென்றுதான் முடிவெடுத்திருந்தேன். அங்கே வேலை செய்த ஒருவரிடம் தங்குவதற்கு அறை கிடைக்குமா என்றுகூட விசாரித்திருந்தேன். இதை இப்போது சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் காலை, பஸ்ஸைத் தவறவிட்டு ஆட்டோ பிடித்தேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, குப்பைத் தொட்டிப் பக்கம் மேய்ந்துகொண்டு நின்ற மான்களில் ஒன்று குறுக்கே வந்தது. வெளியூர்க்காரர் என்றால் இந்த இடத்தில் கதையை நிறுத்தி மானைப் பற்றிக் கேட்பார்கள். இங்கே தெருவில் மான் நிற்பதும் மாடு நிற்பதும் எங்களுக்கு ஒன்றுதான். ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த மீன் லொறிக்காரர் மிதிக்கவில்லை, அல்லது மிதித்தது போதவில்லை.

இடித்த சத்தம் பெரிதில்லை. என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது, அவ்வளவுதான். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. இரத்தம் இல்லை, கீறல் இல்லை. மான்கூட நின்று பார்க்கவில்லை. லொறிக்காரரும் ஆட்டோக்காரரும் இறங்கி, ஐந்து நிமிடத்துக்குள் பொலிசுக்குப் போகாமல் தங்களுக்குள் முடித்துக்கொள்வதென்று பேசிவிட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்து, மிஸ்ஸுக்கு ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டார்கள். நான் மணியைப் பார்த்தேன். எட்டு முப்பத்தொன்பது.

அந்த நாட்களில் கைரேகை இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் பழையபடி வரவுப் புத்தகத்தில்தான் கையெழுத்து. எட்டே முக்காலுக்குப் பிரதம லிகிதர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் பிந்தி வந்தவர். கோட்டுக்குக் கீழே போனவர்களை முறைத்துப் பார்க்கிற வேலையும் என்னுடையதுதான், அதனால் நான் கீழே போவதென்பது நடக்கக்கூடாத காரியம். ஒன்றுமில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மிச்சத் தூரம் ஓட்டமும் நடையுமாக வந்து, கோடு விழுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கையெழுத்து வைத்தேன். பொலிஸ் முறைப்பாடும் இல்லை, ஆஸ்பத்திரித் துண்டும் இல்லை. இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். பிறகு எல்லோருக்கும் மான் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பின்னால் எனக்கு எதிராகத்தான் நின்றது.

அடுத்த நாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பின்னந்தலையில் கையைக் கொடுத்து, ஒரு பாத்திரத்தைத் தூக்குவது போல என் தலையை நானே தூக்க வேண்டியிருந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்து கழுத்தின் பின்பக்கமாக ஏறி, காதுக்குப் பின்னால் வந்து, நெற்றியில் தலையிடியாக நின்றது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். குசினியில் மேல்தட்டில் இருந்த சீனிப் போத்தலை எட்டி எடுக்கப் போய், அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமே இல்லை. எலும்பில் பழுதில்லை, தலை அடித்துத் திரும்பியதில் சதையும் நாரும் இழுபட்டிருக்கின்றன, அது படத்தில் விழாது, சிலருக்குக் கிழமைக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு எடுக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நீண்ட பஸ் பயணம் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் துண்டில் எழுதும்போது, கழுத்திலும் மேல்முதுகிலும் நோ இருப்பதாகச் சொல்கிறார் என்றுதான் எழுதினார். சொல்கிறாராம். அந்த வசனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? பதினொரு வருடமாக அதற்குத்தானே பென்சில் சீவி வைத்திருந்தேன்.

ஈச்சிலம்பற்றுக்கு இங்கிருந்து கிண்ணியா, மூதூர் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கடைசிப் பகுதியில் தெரு குலுக்கும் குலுக்கில் நல்ல கழுத்தே நோகும். அங்கேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றால் கிணற்றுத் தண்ணீர், நானோ அரைவாளியைக்கூடத் தூக்க முடியாமல் இருந்தேன். வேறு வழியில்லாமல் இடமாற்றத்தை ரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீடு எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. பட்டியல் வந்தது, கழுத்து நோ வந்தது, மேன்முறையீடு வந்தது. நான் பார்த்துச் சிரித்த கோப்புகளும் இதே ஒழுங்கில்தான் இருக்கும்.

என்னுடைய கோப்பை நானே பார்க்க முடியாது. அதனால் அது எனக்கு எதிர்மேசையில் இருந்த பிள்ளையிடம் போனது. முப்பத்திரண்டு வயது, தம்பலகாமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், மூன்று வயதில் ஒரு குழந்தை. வேலையில் கெட்டிக்காரி, வாய் குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது, அன்றுவரை. பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. நான் போகாவிட்டால் அவள் போக வேண்டும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், தேநீர் கொண்டுவருகிறவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் யாரோ பார்ப்பதாகவே எனக்குத் தோன்றியது. முதல் இரண்டு கிழமை கழுத்துப் பட்டி போட்டுக்கொண்டு போனேன். நடிக்கிறா என்று கதைத்தார்கள். அதைக் கனநாள் போட்டால் சதை சோம்பிவிடும், கழற்றச் சொல்லி டொக்டர் சொன்னார். கழற்றினேன். சுகமாகிவிட்டது போல என்று கதைத்தார்கள். போட்டாலும் குற்றம், கழற்றினாலும் குற்றம். எதிர்மேசைப் பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை, தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாள், நான் பார்த்தால் குனிந்துகொள்வாள். கதைத்தவர்களைவிட அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பகுதியில், ஒரு களஞ்சியத்தில் வேலை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பையைத் திறந்து காட்டிக் காட்டி, அவருக்கும் எதையும் இரண்டு தரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் பின்னேரம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "இஞ்சேரும், உமக்குப் பின்னால பூரான்" என்றார். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திருப்புவது போலக் காலோடு காலாக முழுவதாகத் திரும்பினேன். பூரானைக் காணவில்லை. அலுமாரிக்குக் கீழே போய்விட்டதாம். பூரானைப் பார்த்தீர்களா அல்லது என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் டோர்ச்சை எடுத்து அலுமாரிக்குக் கீழே கனநேரம் தேடினார். அன்று அவருக்கு நான் தேநீர் போடவில்லை.

இதிலும் மோசம், எனக்கே என்னில் சந்தேகம் வந்தது. கந்தோருக்குப் போகும் நாளில்தான் கூட நோகிறதா? ஈச்சிலம்பற்று என்ற பெயரைக் கேட்டால் தோள்பட்டை இறுகுகிறதே, அது விபத்தின் வேலையா, என் மனத்தின் வேலையா? சில இரவுகளில் சுடுதண்ணீர்ப் போத்தலை முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டு, உண்மையாகத்தான் நோகிறதா என்று என்னை நானே விசாரிப்பேன். மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். நோ சுளீரென்று பிடிக்கும். கண்ணில் தண்ணீர் வரும். கூடவே ஒரு ஆறுதலும் வரும். நோகிறதே என்று ஆறுதல்பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கண் விழித்தபோது கழுத்தில் சத்தமே இல்லை. திருப்பினேன், திரும்பியது. தோளைத் தூக்கினேன், தூக்கியது. இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சந்தோசத்தில் தலைக்கு முழுகி, பின்னேரம் அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசையில் தீபம் காட்டினார்கள், மணி அடித்தது, சுற்றி நின்ற எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே போயின, என்னுடைய கைகளும் போயின. என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்று சரியாக நினைவில்லை. நோ போக வேண்டும் என்றும் கேட்டிருப்பேன், இடமாற்றம் ரத்தாக வேண்டும் என்றும் கேட்டிருப்பேன். ஒன்று கிடைத்தால் மற்றது நிற்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

ஒரு கிழமைக்குள் என்னைப் பற்றி முறையிட்டுப் பெட்டிசம் வந்தது. பெயர் இல்லாத, தட்டச்சு செய்த மொட்டைப் பெட்டிசம், டவுன் தபால் முத்திரையோடு. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தார். கழுத்தைத் திருப்ப முடியாது என்று சொல்கிற இந்த அலுவலர் இன்ன வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, தீபம் முடியும்வரை நின்றார் என்று எழுதியிருந்தது. விபத்து நடந்ததாகச் சொல்லும் காலையில் சிவப்புக் கோட்டுக்கு மேலே கை நடுங்காமல் கையெழுத்திட்டிருக்கிறார் என்றும் எழுதி, வரவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து இணைத்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்காமல் எழுதியிருந்தார்கள். பணிப்பாளர் மேன்முறையீட்டையும் பெட்டிசத்தையும் சேர்த்து மருத்துவ சபைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

புத்தகத்தின் பக்கம் வெளியே போயிருக்கிறது என்றால், போட்டவர் கந்தோருக்குள் நடமாடுகிற ஆள். கொப்பி இயந்திரம் எதிர்மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அவள் காலையில் வணக்கம் சொன்னால் நான் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்த எள்ளுருண்டையைக் கையில் வாங்கி, அவள் பார்க்கும்படியாக மேசையில் வைத்துவிட்டுப் போனேன். சின்னத்தனம்தான். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

இன்னொருவர் மேலும் சந்தேகம் இருந்தது. கிண்ணியாக் கந்தோர்ச் சாரதி. என் வயதுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் தபால் பையோடு எங்களிடம் வருவார். நான்கு வருடத்துக்கு முன்னால், தம்பலகாமப் பக்கம் யானைக்கு விலத்தப் போய் மதகில் ஜீப்பை இடித்து, கழுத்து நோ என்று மெடிக்கல் கொடுத்து, தூர ஓட்டம் வேண்டாமென்று கேட்டிருந்தார். அவருடைய கடதாசி என் மேசையில் இருந்த நாட்களில், மீன் சந்தையில் பெரிய பாரை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போவதை நான் கண்டேன். கண்டதைக் கோப்பில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியில் அவருடைய விண்ணப்பம் போனது. அவர் தொடர்ந்து தூர ஓட்டம் ஓடினார். பழி வாங்க அவருக்குக் காரணம் இருந்தது, நானே கொடுத்த காரணம்.

அவரை நான் சந்தித்தது ஆஸ்பத்திரியில், உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் காத்திருக்கிற நீள வாங்கில். கழுத்தில் சூட்டுப் பொதியை வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். மிஸ்ஸுக்கும் கழுத்தா என்று கேட்டார். எனக்குப் பொறுமை இல்லை. பெட்டிசம் போட்டது நீங்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் தனக்குத் தட்டச்சு தெரியாது என்றார். பெட்டிசம் தட்டச்சில் வந்தது என்று நான் சொல்லவில்லையே என்று உடனே என் மூளை போனது. பெட்டிசம் என்றால் எல்லோரும் தட்டச்சில்தானே போடுவார்கள் என்று பிறகுதான் யோசித்தேன்.

பொதியைக் கழுத்தின் மற்றப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"அந்த மீன் தூக்கின நாள் எனக்கு நோ இல்ல மிஸ். மகள்ட மாப்பிள்ளை வீட்டாக்கள் வாற நாள். பொறகு மூணு நாள் எழும்ப ஏலாமக் கெடந்த நான். நீங்க என்னக் கண்டத நானும் கண்ட நான்."

என் கையிலிருந்த இலக்கத் துண்டை மடித்தேன், விரித்தேன்.

"நோவுற நாள்ல நாம வீட்டுலதானே கெடக்கிற. ஆக்கள் நம்மளக் காணுற எல்லாம் நோ இல்லாத நாள்ல மட்டுந்தான்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்கிற இன்னொரு நோயாளிக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். உள்ளே என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான்காம் மாதம் மருத்துவ சபை கூடியது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்மார். கதவைத் திறந்து உள்ளே போனதிலிருந்தே சோதனை தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் உட்காரும் கதிரையைத் தூரமாகப் போட்டிருந்தார்கள், நான் இழுக்கிறேனா என்று பார்க்க. ஒருவர் பேனையைக் கீழே விட்டார், நான் குனிகிறேனா என்று பார்க்க. உண்மையில் அது தவறித்தான் விழுந்ததோ என்னவோ, நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மூவரில் மூத்த பெண் டொக்டர் பெட்டிசத்தைப் புரட்டிக்கொண்டு, கோயிலில் கை தூக்கியது உண்மையா என்று கேட்டார். இல்லையென்று சொல்லலாம். யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? ஆனால் எனக்கு வந்த கோபத்தில் உண்மைதான் வாயில் வந்தது. தூக்கினேன், அன்று நோ இருக்கவில்லை, அடுத்த இரண்டு நாளும் கட்டிலில் கிடந்தேன் என்றேன். நோகிற நாளில் வீட்டில் கிடக்கிறோம், ஆட்கள் காண்பது நோ இல்லாத நாளில் மட்டும்தான் என்றும் சொன்னேன். சாரதியின் பேச்சை என்னுடையது போல எடுத்துச் சொன்னேன்.

அந்த டொக்டர் எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். வேறு ஏதோ கேட்டுக்கொண்டே, தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலில் என் குரல் உடைந்தது. அவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவ்வளவுதான். நான்கு மாதமாக நான் சொல்லி நம்ப வைக்க முடியாததை, அவருடைய விரல் ஒரு நொடியில் நம்பியது. வெளியே வந்து மரத்தடியில் நின்று விக்கி விக்கி அழுதேன். நோவினால் இல்லை.

ஒரு வருடத்துக்குத் தூர இடமாற்றம் செய்யக்கூடாது என்று முடிவு வந்தது. நான் சந்தோசப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். கணவர் அன்று மிதிவெடி என்று நாங்கள் சொல்கிற முட்டை ரோல்ஸ் வாங்கிவந்தார், பூரானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஈச்சிலம்பற்றுக் கடிதம் எதிர்மேசைக்குப் போனது. கடிதங்களைக் கொடுக்கும் வேலை எனக்கு என்பதால் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அவள் மேன்முறையீடு எழுதவில்லை. குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு அங்கே அறை எடுத்துத் தங்கப் போவதாகவும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவதாகவும் மற்றவர்கள் கதைத்தார்கள். அவளுடைய கடைசி நாளில் மூன்று மணிக்குத் தேநீர் வைத்தோம். கேக் வெட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். இந்தத் தடவை நான் அதைச் சாப்பிட்டேன்.

நாலேகாலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மேசை லாச்சிகளைப் பூட்டித் திறப்புகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம். அன்று காலையிலிருந்தே எனக்கு நோ இல்லை. சும்மா குறைவு என்றில்லை, துப்புரவாக இல்லை. மூன்று நாளாக அப்படித்தான் இருந்தது. அவள் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்துவிட்டு விலகாமல் நின்றாள்.

"அக்கா, அந்தப் பெட்டிசம் நான் போடேல்லை. நீங்கள் என்னைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்."

அப்படி எல்லாம் நினைக்கவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவள் இல்லை என்பது அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது.

"ஒண்டு மட்டும் கேக்கிறன், கோவிக்காதைங்கோ. உங்களுக்கு உண்மையா நோகுதோ? உண்மையெண்டால் நான் கோவமில்லாமல் போவன். அதுக்குத்தான் கேக்கிறன்."

நான்கு மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் பார்த்தார்கள், கதைத்தார்கள், எழுதிப் போட்டார்கள், சோதித்தார்கள். இவள்தான் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். கேட்பதற்கு உரிமை உள்ளவளும் இவள்தான். போன கிழமை நொந்தது, வாற கிழமை நோகலாம், இப்போது இல்லை என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் கெட்டிக்காரி, விளங்கியிருப்பாள். ஆனால் இப்போது இல்லை என்ற சொல்லை அவளிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குக் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பஸ் ஏறப்போகிறவளிடம்? நீளமாக விளக்கம் சொல்கிறவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவளும் நம்பமாட்டாள் என்று பயந்தேன்.

கையைப் பின்கழுத்தில் வைத்தேன்.

"ஓம் பிள்ளை, நோகுது. இப்பவும் நோகுது."

என் கழுத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் முகம் இளகியது. பிறகு என் தோளில் கொழுவியிருந்த பையை மெதுவாகக் கழற்றி, ஏற்கெனவே இரண்டு பைகள் தொங்கிய தன் தோளில் போட்டுக்கொண்டு, பார்த்து இறங்குங்கோ அக்கா என்று சொல்லிப் படியில் எனக்கு முன்னால் இறங்கினாள். நான் கழுத்தை அசைக்காமல் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, கந்தோர் கேற் வரைக்கும் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.